மனநோயும் நம் மஹல்லாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் நலப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. கபரஸ்தான் சுற்றுச்சுவர் பற்றிய விவாதமும் ஒருவழியாக முடிந்தது. எஞ்சிய நேரத்தில் எங்களைப் பேசப் பணித்த நிர்வாகக் குழுவினருக்கு நன்றி. நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் இதுவரை இம்மேடையில் பேசப்படாத ஒன்று. வீட்டுக்குள்ளும் கதவைச் சாத்திக்கொண்டே பேசுகின்றோம். தீவிர மனநோயால் பாதிக்கப்பட்டவர்களையும், அவர்களோடு வாழக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி பெற்ற பணியாளர்களின் தேவையையும் பற்றியே பேச வந்துள்ளோம்.

முதலில் எங்கள் தவறொன்றை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாயார் எங்களிடம் வந்தார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் இரண்டு மாதங்களாக இரவில் உறங்குவதில்லை. மின்விசிறியிலிருந்து தன்னை யாரோ ஏசுவதாகக் கூறுகின்றார். எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலந்துவிட்டதாக நம்புகின்றார். குளிப்பதில்லை, தொழ வருவதில்லை, நண்பர்களைப் பார்ப்பதில்லை. தாயார் அழுதபடி இவற்றையெல்லாம் சொன்னபோது, ‘கண்ணேறாக இருக்கும், தண்ணீர் ஓதிக் கொடுங்கள்’ என்றோம். பிறகு தாயத்து. பிறகு வெளியூரில் ஓரிடத்தில் நாற்பது நாள் தங்கச் சொல்லி, பயணச் செலவுக்குப் பணமும் திரட்டிக் கொடுத்தோம். எட்டு மாதங்கள் சென்றன. இறுதியில் அக்கம்பக்கத்தார் கட்டாயப்படுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மாத்திரை சாப்பிட்டார், உறங்கினார், ஓரளவு தெளிந்தார். அத்தோடு நாங்கள் நின்றிருக்கலாம். ‘பிள்ளைதான் நன்றாகிவிட்டானே, இன்னும் எதற்கு மாத்திரை? அது ஆளை மந்தமாக்கிவிடும்’ என்று சொன்னவர்களும் நாங்களே. ஆறு மாதத்திற்குள் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. படிப்பு நின்றது.

எங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. நல்ல எண்ணத்தோடுதான் அந்த இளைஞரின் இரண்டு ஆண்டுகளைப் பாழாக்கினோம்.

இந்நோயை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கின்றனர். அவ்வகை நோய்களில் பலரும் அறிந்தது மனச்சிதைவு. பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, யாரோ தீங்கு செய்யச் சதி செய்வதாக அசையாமல் நம்புவது, பேச்சில் கோர்வை அறுவது ஆகியன வெளியே தெரியும் அடையாளங்கள். ஆர்வம் வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி மறைவது, நாள் முழுவதும் படுத்தே கிடப்பது ஆகியன வெளியே தெரியாத அடையாளங்கள். இந்த இரண்டாம் வகையைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்று ஏசுகின்றோம். தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோர் 1000 பேரில் ஏறத்தாழ 14 பேர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இவ்வகை நோய்க்கு ஆளாகின்றனர். ஏறத்தாழ 4 பேர் ஆய்வு நடந்த வேளையில் நோயோடு இருந்தனர். நம் ஊரையும் சுற்றுவட்டச் சிற்றூர்களையும் மனத்தில் எண்ணிப் பார்த்தால், எந்தெந்த வீட்டுக் கதவுகள் சாத்தியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

கண்டமங்கலத்தில் வாழும் நமக்கு மருத்துவர் தொலைவில் இல்லை. ஒருபுறம் புதுச்சேரி ஜிப்மர், மறுபுறம் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. பேருந்தில் ஏறினால் எதற்கும் போய்ச் சேரலாம். ஆனாலும் நம் வீடுகளில் நோயாளிகள் முடங்கிக் கிடக்கின்றார்கள். புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகின்றது. மாதத்தின் மற்ற இருபத்தொன்பது நாட்களும் அக்குடும்பம் தனியாகவே இருக்கின்றது. மகன் சோற்றைத் தட்டிவிட்டு ‘விஷம்’ என்று கத்தும்போது என்ன சொல்வது, மாத்திரையைத் துப்பும்போது என்ன செய்வது, பெண் கேட்டு வருபவர்களிடம் என்ன கூறுவது ஆகிய கேள்விகளுக்குச் சீட்டில் விடை எழுதித் தர இயலாது. அதற்கென்று ஓர் ஆள் வேண்டும், அவருக்குப் பயிற்சியும் வேண்டும். மருந்தோடு சேர்த்து நோயாளியிடமும் குடும்பத்திடமும் செய்ய வேண்டிய இப்பணியையே உளசமூகச் சிகிச்சை என்கின்றனர்.

அந்த இளைஞரின் வாழ்வில் திருப்பம் வந்தது அப்படிப்பட்ட ஒருவரால்தான். இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்த்தபோது, அங்கு மனநல சமூகப் பணியாளராக இருந்த ஒரு சகோதரி, வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று தாயாரிடம் கேட்டார். வந்தவர் முதல் நாள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தேநீர் அருந்தினார். அந்த இளைஞரின் அருகே தரையில் அமர்ந்து, ‘எந்த நேரத்தில் குரல் அதிகமாகக் கேட்கிறது?’ என்று கேட்டார். எங்களுக்கு இது வியப்பளித்தது. நாங்களெல்லாம் ஆண்டுக்கணக்கில், குரலே இல்லை, அது வெறும் பிரமை என்று அவரோடு வாதிட்டுக்கொண்டிருந்தோம். எங்களுள் ஒருவர் மின்விசிறியைக் கழற்றியே காட்டினார்! சகோதரி வாதிடவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. ‘எனக்கு அது கேட்கவில்லை, தம்பி. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, அதனால் பயமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது’ என்றார். வெகுநாட்களுக்குப் பின் அந்த இளைஞர் ஒருவரை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான்.

பின்னர் எங்களுக்கு அவர் விளக்கினார். நோயாளியின் நம்பிக்கையை எதிர்த்து வாதிட்டால் அது மேலும் இறுகும். ஆமாம் என்று ஒத்துப் பாடினால் நோய்க்கு நாமே சாட்சி சொன்னவர்களாவோம். இரண்டுக்கும் நடுவே நிற்பதற்குப் பழக வேண்டும். பயிற்சி வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் பணியாளராகவும் நடித்து, இந்த ஒரு பாடத்தையே மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பார்களாம். குரல் எப்போது மிகுகின்றது, எதைச் செய்தால் குறைகின்றது என்று நோயாளியோடு சேர்ந்தே கண்டறிவது அடுத்த படி. நம் இளைஞருக்குத் தனியே இருக்கும் பின்மாலையில் குரல் மிகுந்தது. யாரோடேனும் பேசினால் குறைந்தது. அன்று முதல் அந்த நேரத்தில் அவருடைய மாமா அவரைக் கடைத்தெரு வரை நடத்தி அழைத்துச் செல்லலானார்.

குடும்பத்தாருக்கு அந்தச் சகோதரி கற்றுக்கொடுத்தவற்றுக்குப் பின்னால் நீண்டதோர் ஆராய்ச்சி வரலாறு இருக்கின்றது. 1950களின் பிற்பகுதியில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளரும் அவருடைய தோழர்களும், மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள் வாடகை விடுதிக்கோ உடன்பிறந்தோர் வீட்டுக்கோ சென்றவர்களைவிட அதிகமாக நோய் திரும்பி மருத்துவமனைக்கு வந்தனர். பாசம் மிகுந்த இடத்தில் நோய் ஏன் திரும்ப வேண்டும்? ஓயாத குறைகூறல், வெறுப்பு, எல்லை மீறிய பொத்திப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அதற்குக் காரணமாவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டிவிடும் தாயும் அவனை அறியாமலேயே நோயில் நிறுத்திவைக்கின்றாள். 1980களில் சண்டிகரிலும் இதே முறையில் ஆராய்ந்தார்கள். இலண்டனைவிட அங்கு இத்தகைய கடுமை கொண்ட குடும்பங்கள் குறைவாகவே இருந்தன. நம் நாட்டுக் குடும்பத்தின் பொறுமைக்கு அது ஒரு சான்று. ஆனால் அதைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம், நம் வீடுகளில் விழும் ஏச்சு நமக்குத் தெரியும். ஜூலியன் லெஃப் போன்ற மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்தில், குடும்பத்தாருக்கு நோயைப் பற்றி விளக்கிப் பேசும் விதத்தையும் மாற்றக் கற்றுக்கொடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று நிறுவினர்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. நமக்கு அண்மையில் உள்ள வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கிய காலந்தொட்டே, உறவினர் ஒருவரும் நோயாளியோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். இன்னும் பின்னே சென்றால், 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் அவர்களும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அவர்களும் எழுப்பிய மருத்துவமனைகள் மனநோயாளிகளுக்கும் இடமளித்தன. அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சமுதாயம், ஏர்வாடியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். தர்கா நிர்வாகம் நடத்திய இடமன்று அது. அது தனியாரின் பிழைப்பு. ஆனால் அந்தப் பிழைப்புக்கு வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள், செய்வதறியாமல் தம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட சாதி சமயம் கடந்த குடும்பங்கள். அந்த நாற்பது நாள் பயணத்துக்கு நாங்கள் திரட்டிக் கொடுத்த பணத்தை நினைக்கும்போதெல்லாம் இது எங்கள் நெஞ்சில் வந்து நிற்கின்றது. ஏர்வாடி பழைய கதை என்று சொல்வதற்கும் இல்லை. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் இயங்கிய ஒரு காப்பகத்தின் மீது கடுமையான புகார்கள் எழுந்து, அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை. வீட்டுக் கொல்லையில் கட்டிவைத்தாலும் சங்கிலி சங்கிலிதான்.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் துஆவே வேண்டாமா?’ என்று சிலர் மனம் வருந்தலாம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. 2002இல் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், தமிழகக் கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை அவர்கள் கவனித்தார்கள். மருந்து கொடுக்கப்படவில்லை, சங்கிலியும் இல்லை. உறவினர் ஒருவரோடு அமைதியான சூழலில் தங்கி, அன்றாடச் சிறு வேலைகளைச் செய்துவந்தனர். சில வாரங்களில் நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அன்பான சூழலுக்கே ஓர் ஆற்றல் உண்டு என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுவிட யார் விரும்புவார்? நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை நம் ஹழ்ரத் அவர்கள் ஜும்ஆ உரைகளில் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றார்கள். குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் ‘தவா, துஆ’ என்னும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அங்குள்ள முஜாவர்களுக்கே மனநோயின் அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி அளித்தனர். துஆ செய்த கையோடு, அதே வளாகத்தில் இருந்த மருத்துவரிடம் அவர்கள் அனுப்பிவைத்தனர். நம் மாநிலத்தில் ஏர்வாடியிலும் அம்முறை பின்பற்றப்பட்டது. மருத்துவர் சொன்னால் கேட்காத குடும்பம் முஜாவர் சொன்னால் கேட்கின்றது. யாருடைய சொல் ஒரு வீட்டுக்குள் செல்லுமோ அவருக்குப் பயிற்சி கொடுப்பதே அறிவுடைமை.

இனி, பயிற்சி என்பது நம்மால் ஆகக்கூடியதா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை நம் மாநிலத்திலேயே இருக்கின்றது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் மீண்டும் மீண்டும் அதே வாசலுக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து எழுந்த எண்ணம் அது. அவர் 2021 டிசம்பரில் காலமானார். அந்நிறுவனம் டாக்டர் தாரா முதலியோரின் வழிகாட்டலில், கோவாவின் சங்காத், மகாராட்டிரத்தின் பரிவர்த்தன் ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை மேற்கொண்டது. காப்சி என்று அதைச் சுருக்கி அழைப்பர்.

அந்த ஆய்வின் செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. மருத்துவமோ உளவியலோ படிக்காத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் பயிற்சி அளித்து, மனச்சிதைவு உள்ளோரின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். தொடக்க மாதங்களில் அடிக்கடியும், பிறகு இடைவெளி விட்டும் ஓர் ஆண்டுக் காலம் சென்றார்கள். குடும்பத்தின் தேவைகளைக் கேட்டுக் குறிப்பது, நோயைப் பற்றி எளிய மொழியில் விளக்குவது, மாத்திரையை விடாதிருக்க உதவுவது, உடல்நலத்தைக் கவனிப்பது, பழைய வேலைக்கோ புதிய வேலைக்கோ படிப்படியாகக் கொண்டுவருவது, ஊராரின் ஏளனத்தை எதிர்கொள்ளத் துணைநிற்பது, அரசு உதவிகளோடு இணைப்பது ஆகியன அவர்கள் பணி. மனநல சமூகப் பணியாளர்கள் அவர்களை மேற்பார்வையிட்டார்கள். மனநல மருத்துவர்கள் மருந்தைக் கவனித்தார்கள். 2009, 2010 ஆண்டுகளில் மொத்தம் 282 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். 187 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு இந்த வீட்டுப் பணியும், 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். முடிவுகள் 2014இல் தி லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயின.

பலன் மிதமானதே என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அன்றாட வாழ்வில் இயங்க முடியாத நிலை, வீட்டுப் பணி கிடைத்தவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. நோய் அறிகுறிகளில் மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மிகுந்த பலன் தெரிந்தது எங்கே தெரியுமா? தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில். மூன்று இடங்களில் முற்றிலும் கிராமப்புறமாக, வேறு வசதி குறைந்ததாக இருந்த இடம் அதுவே. கண்டமங்கலத்தின் வயல்வெளிகளுக்கும் அக்கிராமங்களுக்கும் பெரிய வேறுபாடு ஏதுமில்லை. அங்கே பலித்தது இங்கே பலிக்கும் என்று நாங்கள் துணிந்து எதிர்பார்ப்பதற்குக் காரணம் இது.

எனினும் பயிற்சி கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1990களின் தொடக்கத்தில் தார்ன் திட்டம் என்ற பெயரில் மனநலச் செவிலியர்களுக்கு இவ்வகைப் பயிற்சியை முறையாகத் தொடங்கினார்கள். ஆனால் குடும்பப் பணியில் பயிற்சி பெற்ற பலரும் திரும்பிச் சென்றபின் மிகச் சில குடும்பங்களோடு மட்டுமே அதைப் பயன்படுத்தினர் என்று அந்நாட்டு ஆய்வுகள் கூறின. வேலைப்பளு, மேலதிகாரிகளின் அக்கறையின்மை, சந்தேகம் கேட்க ஆளில்லாமை ஆகியன தடையாயின. சான்றிதழ் சுவரில் தொங்கியது. நம்மூரில் கணினிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதையும் ஏறத்தாழ இதுதான் என்பதை இங்குள்ள பெற்றோர் அறிவர்! ஆகவே யாரை அனுப்பினாலும், திரும்பி வந்தபின் அவருக்கு மாதம் ஒருமுறையாவது வழிகாட்ட ஒருவர் வேண்டும். அவருடைய நேரத்துக்கு ஒரு தொகையும் வேண்டும். நன்மைக்காகச் செய்யுங்கள் என்று சொல்லி ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாகப் பெறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை இதில் நுழைக்க வேண்டாம்.

பயிற்சி பெற்றவர் நம் வீடுகளில் எதிர்கொள்ளப்போகும் இரண்டு செய்திகளை மட்டும் குறிப்பிடுகின்றோம்.

ஒன்று நோன்பு. ரமலானில் மாத்திரையை விட்டுவிட்டு நோய் திரும்பியவர்களை நாங்களே அறிவோம். பல மாத்திரைகளை இஃப்தார், ஸஹர் நேரங்களுக்கு மாற்றிக்கொள்ள இயலும். சிலவற்றை அப்படி மாற்ற இயலாது. உடலில் நீர் குறைந்தால் தீங்கு தரும் மருந்துகளும் உண்டு. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் மார்க்கம் தரும் சலுகையை ஹழ்ரத் அவர்கள் அந்தக் குடும்பத்துக்கு நேரில் விளக்க வேண்டும். நோயாளி தம்மைக் குற்றவாளியாக எண்ணிக் குமைவது பெரும்பாலும் இந்த மாதத்தில்தான்.

மற்றொன்று நிக்காஹ். இதில் ஜமாஅத்துக்கே நேரடிப் பொறுப்பு இருக்கின்றது. ‘கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்’ என்று நோயை மறைத்துச் செய்யப்படும் திருமணங்கள் நம் பதிவேட்டில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சென்னையில் ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள், மனச்சிதைவு ஏற்பட்டு மணவாழ்வு முறிந்த எழுபதுக்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தித்து 2003இல் எழுதினார்கள். அவர்களில் பலர் சட்டப்படி விலக்கப்படவும் இல்லை, வாழவைக்கப்படவும் இல்லை. வயது முதிர்ந்த பெற்றோர் வீட்டில் விடப்பட்டார்கள். ஜீவனாம்சம் கிடைத்தவர் மிகச் சிலரே. கணவனுக்கு நோய் வந்தால் மனைவி இருந்து பார்க்கின்றாள். மனைவிக்கு நோய் வந்தால் அவளைத் தாய்வீட்டில் இறக்கிவிட்டுப் போகின்றோம். சிந்தனைத் திறன் குன்றியோரின் உடைமையைப் பேணி, அவர்களுக்கு உண்ணவும் உடுக்கவும் கொடுத்து, அவர்களிடம் கனிவாகப் பேசுவதைப் பொறுப்பாளர்கள் மீது சுமத்தும் வசனம் அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வருகின்றது. பஞ்சாயத்துக்கு அமரும் பெரியவர்கள், தலாக் கேட்டு வருபவரிடம் ‘சிகிச்சை அளித்தீர்களா? எத்தனை நாள்?’ என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஜமாஅத்தின் முன் நாங்கள் வைக்கும் கோரிக்கை பெரியதன்று. நம் மஹல்லாவிலிருந்து இரண்டு சகோதரிகளையும் ஓர் இளைஞரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரை நேரில் அணுகி, அவர்கள் வழியாகவோ, ஸ்கார்ஃப், பேன்யன் போன்று இப்பணியில் தேர்ந்த அமைப்புகள் வழியாகவோ இம்மூவருக்கும் பயிற்சி பெற்றுத் தர வேண்டும். உள்ளூர் மக்களையே மனநலப் பணியாளர்களாக ஆக்கும் முறையைப் பேன்யன் அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றது. போக்குவரத்துச் செலவும் மாதாந்திரத் தொகையும் பைத்துல்மாலிலிருந்து தரலாமா என்பதை ஹழ்ரத் அவர்களின் ஆலோசனையோடு நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும். அவர்கள் செல்லும் வீடுகள் முஸ்லிம் வீடுகளாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தெருவில் நடந்தால் வீடுகள் கலந்துதான் இருக்கின்றன.

நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர் எழுப்பிய ஐயம் நியாயமானது. ‘ஊர்க்காரப் பிள்ளையே வீட்டுக்குள் வந்து போனால் இரகசியம் வெளியே போகாதா? பெண் பிள்ளைகள் இருக்கின்ற வீடு’ என்றார். உண்மையே. ஆகவேதான் கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது இப்பயிற்சியின் முதற்பாடமாக இருக்கின்றது. சொன்னவர் அன்றோடு விலக்கப்பட வேண்டும். இன்னொன்றையும் நாங்கள் பார்த்துவிட்டோம். மூடிவைத்த வீட்டின் இரகசியம் எந்நாளும் மூடியிருந்ததில்லை. தெருவுக்கே தெரிந்த செய்தியை அந்தத் தாயார் மட்டும் யாரிடமும் சொல்ல முடியாமல் எட்டு மாதம் சுமந்தார்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு உடனடியாக ஒரு செய்தி. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஏற்றுக்கொண்டுள்ளதால், பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அதற்குரிய சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். விண்ணப்பிக்க உதவி தேவைப்படுவோர் அஸருக்குப் பின் அலுவலகத்தில் எங்களைச் சந்திக்கலாம்.

அந்த இளைஞரைப் பற்றிக் கேட்பீர்கள். குரல் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் அதற்கு அவர் பதில் சொல்வதில்லை. மாமாவின் கடையில் காலையில் மூன்று மணி நேரம் சரக்கு எடுத்துவைக்கின்றார். முதலில் அரைமணி நேரம் என்று தொடங்கியது, சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டது. தாயார் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கின்றார். மகன் எத்தனை மணிக்கு உறங்கினார், சோற்றை முகர்ந்து பார்த்தாரா, தனியே முணுமுணுத்தாரா என்று நாள்தோறும் அதில் எழுதுகின்றார். நோய் திரும்புவதற்கு முன் என்னென்ன மாறின என்று அந்தச் சகோதரி தாயாரோடு அமர்ந்து நினைவுபடுத்தி எடுத்த பட்டியல் அதன் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றது. சென்ற மாதம் மூன்று இரவுகள் தொடர்ந்து உறக்கம் குறைந்ததைக் கண்டதும், அடுத்த தேதிவரை காத்திராமல் நான்காம் நாள் காலையிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கடைக்குத் திரும்பிவிட்டார். தாயார் எங்களிடம் யோசனை கேட்கவில்லை.

அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் தாயாரின் அனுமதியோடு நகலெடுத்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம். வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம். பயிற்சிக்கு முன்வருவோர் வரும் ஜும்ஆவுக்குள் பெயர் தர வேண்டுகின்றோம்.

வஸ்ஸலாம்.